நான்கு நிமிடப் பார்வை

இறுதியாட்டம் தொடங்கியதும் பூதலிங்கத்தின் கண்களுக்குள் நாற்பத்திரண்டு உறவினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மைத்துனர்கள், தங்கை பிள்ளைகள், பூனாவிலிருந்து ஒரு சம்பந்தி. கடைசியாக, நாகர்கோவில் வீட்டிலிருந்து அவர் மனைவி ஆவுடையம்மாள்.

நிலாவில் நடக்கும் டென்னிஸ் போட்டியில் ஒரு குடும்பத்துக்கு ஓர் இருக்கைதான். அதில் அமர்பவர் விழியாளர். அவர் கண்ணுக்குப் பின்னால் பதித்த விழிச்சில்லு, அவர் காண்பதை அப்படியே பூமியிலுள்ள சொந்தங்களின் மூளைக்கு அனுப்பிவிடும்; அவர்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும். ஆனால் ஆண்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எந்த மூளையும் அதைத் தாங்காது. அந்த மூன்று மணி நேரம் எதற்கு என்பதைக் குடும்பத் தலைவர் முடிவு செய்வார். பூதலிங்கத்தின் குடும்பத்தில், அவர் அப்பா காலத்திலிருந்து, அது டென்னிஸ்.

விழியாளருக்கு விதி ஒன்றே. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் இருக்கை வேறு குடும்பத்துக்குப் போய்விடும். பத்தொன்பது ஆண்டுகளாகத் தும்மலைக்கூட அடக்கி உட்கார்ந்தவர் பூதலிங்கம். ஊரில் அவர் குடும்பத்துக்கு இருந்த மதிப்பில் பாதி அந்த அசையாத கழுத்தினால் வந்தது.

நிலாவில் பந்து நிதானமாகத்தான் கீழே வரும். ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. மூன்று மணி நேரம் முடிய நான்கு நிமிடங்களே இருந்தபோது மேட்ச் பாயிண்ட் வந்தது.

"மாமா, அசையாதீங்க. இதுதான் கடைசி," என்றான் தங்கை மகன் குற்றாலிங்கம்.

"எனக்குத் தெரியும்டே."

"இங்க பாருங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பார்வை போய்விட்டது. அதன்பின் அவள் கண்டதெல்லாம் ஆண்டுக்கொருமுறை இந்தப் பந்தைத்தான். வேறு எதையாவது பார்க்க ஆசையா என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"என்ன?" என்றார்.

"உங்க முகம் எனக்கு மறந்துகிட்டே வருது. மூக்கு மட்டுந்தான் நெனப்புல நிக்கி."

யாரோ சிரித்தார்கள்.

"அத்தை, ஆட்டம் முடியட்டும்," என்றான் குற்றாலிங்கம்.

"அது முடிஞ்சா என் நேரமும் முடிஞ்சிரும்லா."

பந்து எழும்பியது. பூதலிங்கம் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

அவர் இருக்கைக்குப் பின்னால் அரங்கை மூடிய கூடாரத்தின் கண்ணாடிச் சுவர். வெளியே வானம் கறுப்பாக இருந்ததால் உள்ளே நின்றவர் முகம் அதில் துலக்கமாகத் தெரிந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மாமா, மானம் போகுது, திரும்புங்க."

"சும்மா கெடடே."



"மீசை முழுக்க நரைச்சிட்டுதே," என்றாள் ஆவுடையம்மாள்.

"அது நரைச்சு ரெண்டு வருஷமாச்சு."

"சொல்லவே இல்ல. சரி, கொஞ்சம் சிரிங்க."

"இத்தனை பேர் பாக்காங்க."

"பாக்கட்டும்."

நாற்பத்திரண்டு பேரும் முதன்முறையாக அவர் பல்லைப் பார்த்தார்கள். அவர் தோளுக்குப் பின்னால், கண்ணாடியில், கடுகளவாக ஒரு பந்து மிதந்துகொண்டிருந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. யார் வென்றார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் முடிந்து, கண்களுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போகும்வரை அப்படியே நின்றார். கடைசியாகப் போனவள் ஆவுடையம்மாள்.

காவல் இயந்திரம் வந்து இருக்கையின் எண்ணை அழித்தது.

"காரணம் பதிய வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய படங்கள் கோடிக்கணக்கில் எங்களிடம் உள்ளன. பூமியில் பார்வையாளர்கள் அரிய ஆட்டங்களுக்குச் சென்று, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தங்கள் முகத்தையே பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நீங்கள் செய்ததும் அதுதானா?"

"அதேதான்," என்றார் பூதலிங்கம்.

"யாருக்காக அப்படிச் சிரித்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை."

"அவங்க சங்கதி எனக்குத் தெரியாது," என்றார் அவர், முதுகை நிமிர்த்தியபடி. "எனக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா."