கில்பிராக் நாற்சந்தியில் என் குரல்

ஃபின்டன் பவர் இறந்து முப்பதாவது நாள். அவருக்கான திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது மழை நின்றிருந்தது. மூடுபனி மட்டும் கோமரா மலையிலிருந்து இறங்கி, நாங்கள் சைக்கிள்களைச் சாய்த்திருந்த தேவாலய மதில் வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் நினைவாகப் பதினோரு பேர் மலை ஏறுவதாகப் பேச்சு. பனியைப் பார்த்ததும் எட்டுப் பேருக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது.

மிச்சம் மூன்று பேர். எங்கள் சைக்கிள் குழுவின் தலைவி நோரா கீலி, நான், என் தங்கை முரின்.

"இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டா மலை ஏறப்போற, காஹல்? கல்லறையில இருந்து நேரா எந்திரிச்சு வந்த மாதிரி இருக்க," என்றாள் நோரா. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். யாரையும் சும்மா விடமாட்டாள். முரினிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "ஃபின்டனுக்குப் புடிச்ச சாண்ட்விச். வெறும் ஜாம்தான், வெண்ணெய் கெடையாது."

"அது அவருக்குப் புடிச்சதில்ல நோரா. அவர் வீட்டம்மா அவ்ளோதான் குடுத்து விடுவாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வரிசையாக ஓட்டும்போது முன்னால் இருப்பவரின் சக்கரத்துக்கும் நம் சக்கரத்துக்கும் ஒரு கை அகலம்தான் இடைவெளி. கண் அந்தச் சக்கரத்தை விட்டு நகராது. அதனால் சந்திப்பு வந்தால் முதல் ஆள் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்து "க்ளியர்" என்று கத்துவார். வண்டி எதுவும் இல்லை, வா என்று அர்த்தம். அடுத்த ஆள் அதை வாங்கிப் பின்னால் கத்துவார். அப்படியே கடைசி வரைக்கும் போகும். வேறு யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. இதுதான் எங்கள் பழக்கம். சொல்லப்போனால் எங்கள் பெருமையே அதுதான்.

ஃபின்டன் இறந்த அன்று முதல் ஆள் நான். ஏழாவது ஆள் அவர். எப்போதும் அவர்தான் கடைசி. கில்பிராக் நாற்சந்தியில் நான் கத்தினேன். ஆறு பேர் தாண்டினோம். ஏழாவது ஆளின் மேல் பால் லாரி ஏறியது.

இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று போலீஸிடம் சொன்னேன். ஃபின்டனின் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, உன் மேல் தப்பில்லை என்றார்.

நான் பார்க்கவே இல்லை.

இறக்கத்தில் என் கண் கைப்பிடியில் இருந்த வேகக் கருவியில் இருந்தது. அறுபத்தொன்று காட்டியது. எனக்கு அறுபத்திரண்டு வேண்டும். வாய் தானாகக் கத்தியது.

கிளம்பும் முன் நோரா சொன்னாள். "இன்னைக்கு யாரும் யாருக்காகவும் கத்தக் கூடாது. நாற்சந்தியில ஒவ்வொருத்தரும் நின்னு, கால ஊனி, சொந்தக் கண்ணால பாக்கணும். சரியா?"

"சரி," என்றேன்.

"முரின்?"

"சரி டீச்சர்," என்றாள் முரின், நாக்கைத் துருத்தி.

ஏற்றம் நீண்டது. இருபக்கமும் கல் சுவர்கள், அவற்றுக்கு அப்பால் பனி. சுவருக்குப் பின்னால் ஆடுகள் இருமுவது மனிதர் இருமுவதுபோலவே இருந்தது. எங்கள் மூச்சுச் சத்தம், சங்கிலி ஓடும் சத்தம், கைப்பிடியிலிருந்து சொட்டும் நீர். உச்சிக்கு முன் கடைசி வளைவில் ஒரு வாசனை வந்தது. காரமான, பச்சையான வாசனை.

கால்வலித் தைலம்.

"யாரு தைலம் போட்டிருக்கீங்க?" என்றாள் நோரா, திரும்பாமல்.

"நான் இல்ல," என்றேன்.

"நான் போட்டா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க," என்றாள் முரின் பின்னாலிருந்து.

அந்தத் தைலத்தைக் கால் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வருகிறவர் எங்கள் குழுவில் ஒருவர்தான் இருந்தார்.

உச்சியைத் தாண்டியதும் இறக்கம். நோரா முதலில், அடுத்து நான், கடைசியில் முரின். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் கிரிகிரியென்று சத்தம் போடும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சத்தம். நோராவுடையது மெல்லிசு. என்னுடையது கொஞ்சம் கனம். முரினுடையது கீச்சென்று இருக்கும்.

நான்காவதாக ஒன்று கேட்டது.

டக். டக். டக். தேய்ந்துபோன பழைய சக்கரம். ஃபின்டன் அதை மாற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்த சக்கரம்.

திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் முரினின் விளக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

"முரின், பக்கத்துல வா," என்றேன்.

காற்று என் வார்த்தையை எங்கேயோ கொண்டுபோனது.

நாற்சந்தி வந்தது. நோரா நின்று, காலை ஊன்றி, எங்களைப் பார்த்துத் திரும்பினாள். நான் அவளருகே நின்றேன். குறுக்குச் சாலையில் இடது பக்கம் பனி லேசாக மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஏதோ கனமான வண்டி வந்துகொண்டிருந்தது.

டக். டக். டக்.

நின்றது.

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கத்தியது. "க்ளியர்."

அது என் குரல்.

முரின் தலையைத் தூக்கவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. என்னைத் தாண்டி நேராகப் போனாள்.

நான் கையை நீட்டினேன். விரல்களில் அவள் சட்டையின் முதுகுப் பை சிக்கியது. இழுத்தேன். இரண்டு பேரும் சைக்கிளோடு தார்ச்சாலையில் விழுந்தோம். எங்கள் கால்களுக்கு ஒரு முழம் தள்ளி லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிச் சக்கரம் ஜாம் சாண்ட்விச்சின் மேல் ஏறிப் போனது.

"கிறுக்கனாடா நீ?" முரினின் உதடு கிழிந்திருந்தது. "நீயே வான்னு கத்திட்டு நீயே இழுக்குற?"

"நான் கத்தல."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து கேக்குறேன்."

நோராவின் முகம் வெளுத்திருந்தது. "அவன் கத்தல முரின்," என்றாள், கிசுகிசுப்பாக. "நான் அவன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். வாய் அசையல. ஆனா குரல் அவனோடதுதான். நானும் கேட்டேன்."

நோரா சைக்கிளைக் கல் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"காஹல்," என்றாள் நோரா. "ஒண்ணு கேக்குறேன். ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். அன்னைக்கு நீ பாத்தியா?"

சொல்லியிருக்கலாம். வழிகாட்டிக் கம்பத்தின் அடியில் ஃபின்டனின் மனைவி வைத்த பூக்கள் நனைந்து கிடந்தன. முரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் பாத்தேன்," என்றேன்.

தைல வாசனை சட்டென்று அடர்ந்தது. பழைய சக்கரத்தின் சத்தம் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு விலகிப் போனது. முரின் வீடு இருக்கும் திசையில்.

எங்கள் இருவருக்கும் ஒரே வீடுதான். எங்கள் வீடு இருக்கும் திசையில் என்றுதான் எழுத வந்தேன். கை அப்படி எழுதிவிட்டது.

அடுத்த நாள் முரின் கல்லூரிக்காகக் கார்க் நகரத்துக்குப் போனாள். சைக்கிளை எடுத்துப் போகவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். வியாழக்கிழமை மதியம் போன் செய்தாள். பின்னணியில் பேருந்துகளின் சத்தம்.

"காஹல், நீ கார்க்குக்கு வந்திருக்கியா?"

"இல்ல. வீட்டுலதான் இருக்கேன். ஏன்?"

"வெளயாடாத. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறியே."

"முரின், கால எடுத்து வெக்காத. எதையாவது புடிச்சுக்கோ."

"சிக்னல் கம்பத்தப் புடிச்சிருக்கேன். என்னடா ஆச்சு?"

"அன்னைக்கு நான் பாக்கல," என்றேன். முப்பத்துநான்கு நாளாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்தது. "பாக்காமத்தான் கத்தினேன். ஃபின்டன் செத்தது என்னாலதான். நோராகிட்ட சொல்றேன், அவர் வீட்டம்மாகிட்ட சொல்றேன், எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ மட்டும் கம்பத்த விட்டுடாத."

போனுக்குள் பேருந்துச் சத்தம் மெல்ல அடங்கியது.

டக். டக். டக்.

நின்றது.

பிறகு போனுக்குள்ளிருந்து, அவள் காதுக்கு மிக அருகில், நான் பேசினேன்.

"ரெண்டு பக்கமும் பாத்தேன். க்ளியர். வா."

"முரின், அது நான் இல்ல," என்று கத்தினேன்.

"அது நான் இல்ல," என்றது அதுவும்.

முரினின் மூச்சு மட்டும் கேட்டது.

"காஹல்," என்றாள் கடைசியில், சின்னக் குரலில். "இதுல நீ எது?"