கடைசிக் கோடு

ஆன்டெனா ஒயரை வெட்டி எறிந்துவிட்ட ரேடியோவில் யாருடைய குரலும் வரக்கூடாது. புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸ் பழக ஆரம்பித்து சில வாரங்களே ஆன அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஹெட்போனுக்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தம்பி மின்சாரம் தாக்கி இறந்த நாளிலிருந்து ரேடியோ இருந்த மாடி அறைக்குக் கரண்ட் இல்லை. படிக்கட்டின் அடியில் அணைத்துவைத்த மாடி மெயின் ஸ்விட்ச்சை அதன்பிறகு யாரும் தொடவில்லை. அவன் இணைத்துக்கொண்டிருந்த ஒயர்களின் செம்பு முனைகள் சுவரில் அப்படியே தொங்கின. ரேடியோ பழைய பேட்டரியில் ஓடியது. அவன் பாதியில் விட்டுப்போன பாடத்தை, செல்போன் பயிற்சியின் துணையோடு, அந்தி நேரங்களில் அவள் தானே தொடர்ந்தாள். அவன் சொல்லிக்கொடுத்தபோது பேசியது காதிலேயே இருந்தது.

"புள்ளியையும் கோட்டையும் எண்ணாத அக்கா. எண்ணினா ஜென்மத்துக்கும் தேற மாட்ட. பாட்டு மாதிரி காதுல விழணும்."

"உன் பாட்டுல கடைசிக் கோடு நொண்டுதேடா."

"அதான் என் கையெழுத்து. ஆயிரம் பேர் தட்டினாலும் நான்தான்னு தெரிஞ்சிடும்."

ஹெட்போனில் வந்த தட்டலும் நொண்டியது.

முதலில் ஓரிரு எழுத்துகள்தான் பிடிபட்டன. மற்றதெல்லாம் மழைபோல் காதில் விழுந்து ஓடியது. அவள் புதிதாக ஓர் எழுத்தைக் கற்ற அன்று, செய்தியில் இன்னோர் ஓட்டை அடைபட்டது. தினமும் அதே செய்தி. தினமும் கருகிய ரப்பர் வாசனை. கடைசி எழுத்தும் பிடிபட்ட மாலையில், முழுதாகக் கேட்டாள்:

'மெயினை நிறுத்திட்டுத்தான் ஏறினேன். யார் போட்டது?'

தம்பி இறந்த அன்று அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இருந்தது அவள் கணவன் மட்டும்தான். "நிறுத்த மறந்துட்டான், அசட்டுப் பய" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன்தான் சொன்னான். அதற்கு முந்தின வாரம், அவளை அறைய ஓங்கிய அவன் கையைத் தம்பி பிடித்து முறுக்கியிருந்தான். "இன்னொரு தடவ அக்கா மேல கை வச்சா, இந்தக் கை இருக்காது மாமா."

ரேடியோவோடு இணைந்த மோர்ஸ் கீயில் ஒவ்வோர் எழுத்தாக, தடுமாறி, பதில் தட்டினாள்: 'மாமா.'

சத்தம் நின்றது.

பிறகு மிக மெதுவாக வந்தது. எதிரே இருப்பவர் கற்றுக்குட்டி என்றால் அவர் வேகத்துக்கு இறங்கி வருவது ரேடியோக்காரர்கள் வழக்கம்.

'கூப்பிடு.'

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. படியில் செருப்புச் சத்தம்.

"என்ன, செத்தவனோட அரட்டையா? அடுப்பு அணைஞ்சு கிடக்கு."

"நீங்களே கேளுங்க," என்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

சிரித்துக்கொண்டே மாட்டினான். சிரிப்பு பாதியில் நின்றது. வலது விரல் மோர்ஸ் கீயின்மேல் போய் உட்கார்ந்தது. மோர்ஸ் தெரியாத விரல். தட்டியது. கடைசிக் கோடு நொண்டியது. இடது கை சுவரோரம் ஊர்ந்து, செம்பு முனைகளை இறுகப் பற்றியது.

"கையைப் பிடிடி... ஏய், இது என் கை இல்ல. பிடிடி!"

அவள் அந்த விரலையே பார்த்தாள். படித்தாள்.

'அக்கா, மெயினைப் போடு.'

இறங்கினாள். படிக்கட்டின் அடியில் மெயின் ஸ்விட்ச்மேல் கை வைத்தாள். மேலே அவன் அவளைக் கெஞ்சினான், முதல் தடவையாக.

போட்டாள்.

அலறல் இல்லை. ஏதோ கனமாகச் சரிந்தது. வாசனை படியிறங்கி வந்தது.

பிறகு, மேலே, கீ.

டக். டக். மெதுவாக. அவள் வேகத்துக்கு இறங்கி, பொறுமையாக. கடைசிக் கோடு மட்டும் நொண்டி.

'மேலே வா அக்கா. விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.'