தன்மைப் பன்மை

ஆறுமுகநயினார் பதினைந்து ஆண்டுகளாக முத்துக்கரையின் நகரத் தலைவர். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ‘நான்’ என்று தொடங்கிய எந்த வாக்கியத்தையும் அவர் எதிர்கால வினையில் முடித்ததில்லை. சாலை போடப்படும், குடிநீர் வழங்கப்படும், கடற்சுவர் எழுப்பப்படும். போடுபவர் யார், வழங்குபவர் யார், எழுப்புபவர் யார் என்பதை அவருடைய வாக்கியங்கள் ஒருநாளும் வெளியிட்டதில்லை. செயப்பாட்டுவினை தமிழில் அருகி வழங்க வேண்டிய ஒன்று. முத்துக்கரையில் அதுவே ஆட்சிமொழியாகிவிட்டது.

அதற்குக் காரணம், அன்று மாலை கடற்கரைத் திடலின் மேடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பார்வைக்கு ஒரு சாம்பல் பூசணிக்காய்; பெயர் பிணைப்பொறி. ஆயிரம்பேர் ஒருங்கே பேசினாலும் அது ஒவ்வொரு குரலையும் தனித்தனியே புடைத்தெடுக்கும். யாருடைய குரல் என்று அறியும். அவர் சொன்ன வினைமுற்றின் இடத்தையும் காலத்தையும் இமைப்பதற்குள் ஆராயும். தன்மை இடமும் எதிர்காலமும் கூடிவந்தால் மணி ஒருமுறை ஒலிக்கும், சிவப்பு விளக்கு எரியும். சொன்னவர் பிணைக்கப்பட்டார் என்பது பொருள். நிபந்தனையோடு சொன்னால் விளக்கு மஞ்சளாக எரியும். நிபந்தனை நிறைவேறிய பிறகே சிவக்கும்.

சொன்னதைச் செய்யாதவருக்குத் தண்டனை நாவடக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு எந்தப் பொறியும் அவர் குரலைக் கேளாது. குரலுக்குத் திறக்கும் கதவு அவருக்குத் திறவாது, பேருந்து நில்லாது, நியாயவிலைக் கடை அரிசி அளக்காது. முன்பு நகரமன்றக் கூட்டத்தில் ‘நூலகம் திறப்பேன்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட உறுப்பினர் ஒருவர், மனைவி சந்தையிலிருந்து திரும்பும்வரை தம் வீட்டு வாசலிலேயே நிற்பதை ஊரார் இன்றும் பார்க்கிறார்கள்.

இந்தப் பொறியைக் கேட்டுப் பெற்றவர்கள் மக்களே. தலைவர்கள் வாக்குறுதியை வாரி இறைத்துவிட்டு மறந்துபோகிறார்கள் என்று கொதித்து, தெருவில் இறங்கிப் போராடி, சட்டமாக்கினார்கள். தலைவர்களோ வாக்குறுதியை விடவில்லை, செய்கிறவராகிய வினைமுதலை விட்டுவிட்டார்கள்.

மேடையின் பின்புறத்தில் சந்தனமாரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நெய்தல் கழகத்தின் வட்டச் செயலாளர் அவள். அதே கழகத்தின் ஆறுமுகநயினாரை எதிர்த்து, கழக வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் நிற்கிறாள். முத்துக்கரையில் நெய்தல் கழகம் நிறுத்துகிறவரே தலைவராவார். எனவே அன்று கழகத்தார் அளிக்கும் வாக்கே ஊரின் முடிவு. சென்ற ஐப்பசியில் கடல் தெற்குத் தெருவுக்குள் புகுந்து அவளுடைய அடுக்களையைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. இன்னொரு மழைக்காலத்தை அந்தத் தெரு தாங்காது.

படகு எந்திரம் பழுதுபார்க்கும் பிரிட்டோதான் அவளுக்குத் தேர்தல் வேலை பார்த்தான். அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

“யக்கா, ‘கட்டுவேன்’னு மட்டும் சொல்லிராத. ‘கட்டப்படணும்’னு சொல்லு, போதும்.”

“யாரு கட்டணும்?”

“அதான் தெரியக் கூடாதுங்கேன்!”

“தெரியாமப் போயித்தாம்லே எங்க அடுக்களை கடலுக்குள்ள கெடக்கு” என்று சொல்லிவிட்டு அவள் மேடையேறினாள்.

திடல் நிறைந்திருந்தது. அவள் வாயைத் திறக்குமுன்பே முன்வரிசையிலிருந்து ஏச்சு வந்தது.

“நயினார் அண்ணாச்சி வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அவருக்கே குழி பறிக்கியோ?”

“அந்தக் கழக விருந்துச் சோத்த வடிச்சதும் நாந்தான் வே! உமக்கும் சேத்துத்தான் வடிச்சேன்!” என்றாள் அவள். திடல் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடங்கிவிட்டால் துணிவும் அடங்கிவிடும்.

“என்னை நகரத் தலைவர் ஆக்கினால், ஐப்பசி மழைக்குமுன் கடற்சுவரை நான் கட்டுவேன்.”

மணி ஒலித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

பதினைந்து ஆண்டுகளாக அந்த மேடையில் எரியாத விளக்கு. யாரோ ஒருவர் விசிலடித்தார். திடல் முழுவதும் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஏசியவரும் கைதட்டுவதை அவள் கண்டாள். வென்றுவிட்டோம் என்று எண்ணினாள்.

ஆறுமுகநயினார் மெல்ல எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் பதற்றமே இல்லை. அதுதான் அவளை அச்சுறுத்தியது.

“தங்கச்சி ஒத்தையிலே கட்டுதாளாம்” என்று அவர் கனிவோடு தொடங்கினார். “பாவம், பொம்பளப் பிள்ளை. எத்தனை கல்லச் சொமப்பா? கடல் அவ வீட்டுக் கடலா? நம்ம எல்லாருக்கும் உள்ள கடல்லா?” சற்று நிறுத்தினார். பிறகு மேடைத் தமிழுக்கு மாறினார். “என் உயிரினும் மேலான உடன்பிறப்புகளே! ‘ஐப்பசி மழைக்குமுன் சுவரைக் கட்டுவோம்’ என்று விண்ணதிரச் சொல்லுங்கள்!”

“ஐப்பசி மழைக்குமுன் சுவரைக் கட்டுவோம்!” என்றது திடல்.

மணி ஒலித்தது. ஒருமுறை ஒலித்து நிற்கவில்லை. கோயிலில் தீபாராதனை காட்டும்போது அடிப்பதுபோல் இடைவிடாமல் அடித்தது. சிவப்பு விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது.

“அண்ணாச்சி மாட்டிக்கிட்டாவ! அண்ணாச்சியே மாட்டிக்கிட்டாவ!” என்று மக்கள் துள்ளினார்கள். தலைவரை ஒருவழியாகப் பொறிக்குள் சிக்கவைத்துவிட்ட களிப்பில் இன்னும் உரக்கக் கத்தினார்கள். “கட்டுவோம்! கட்டுவோம்!”

சந்தனமாரி மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் சிக்கினால் ஒரு மணிதானே ஒலிக்க வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பொறி கூட்டத்தின் குரலையும் கேட்கும். எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகளாகக் கூட்டம் சொன்னதெல்லாம் ‘வாழ்க’, ‘ஒழிக’ என்னும் இரண்டே சொற்கள். இரண்டும் வியங்கோள். வியங்கோளுக்கு இடமும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே அது எவரையும் பிணைத்ததில்லை. இன்றுதான் முத்துக்கரை மக்கள் முதன்முறையாகத் தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்றை வாய்திறந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆறுமுகநயினாரோ பிறர் சொல்ல வேண்டியதை மேற்கோளாக எடுத்துக்கொடுத்தார். ‘என்று’ என்னும் இடைச்சொல்லை அதன் முதுகில் ஏற்றினார். ‘சொல்லுங்கள்’ என்று முன்னிலையில் முடித்தார். செய்தி வாசிப்போரும் நாடக நடிகரும் பிழைக்க வேண்டும் என்பதற்காக, மேற்கோள் பிணைக்காது என்று சட்டம் விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்குக்குள் அவர் துண்டை உதறி அமர்ந்துவிட்டார்.

அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

“சொல்லாதிய! ஐயோ, சொல்லாதிய! அது ஒங்களத்தான் புடிக்கி! வாய மூடுங்க!”

“பொறாமையப் பாரேன்!” என்றது முன்வரிசை. “அவ கட்டுனாத்தான் சுவரு, நாம கட்டுனா ஆகாதோ?” கூட்டம் அவள் முகத்துக்கு நேரே கையை ஓங்கி ஓங்கிக் கத்தியது. “கட்டுவோம்! கட்டுவோம்!”

அந்தச் சூட்டிலேயே வாக்கெடுப்பு நடந்தது. ஆறுமுகநயினார் மிக எளிதாக வென்றார். மேடையில் எரிந்த மஞ்சள் விளக்கு நிபந்தனை பொய்த்ததால் அணைந்தது. சந்தனமாரி எவ்விதப் பிணையும் இல்லாமல் தெற்குத் தெருவுக்கு நடந்தே போனாள்.

மறுநாள் காலையில் முத்துக்கரையின் வீடுகள் அனைத்திலும், சுவரில் பதித்த கேட்பொறிகளான சுவர்ச்செவிகள் ஒரே குரலில் அறிவித்தன: “வினை, கட்டுதல். செயப்படுபொருள், கடற்சுவர். காலம், ஐப்பசி மழைக்குமுன். வினைமுதல், தாங்கள்.”

காப்பி ஆறுமுன்பே மக்கள் ஆறுமுகநயினார் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் மாடியிலிருந்து கைகூப்பினார். “‘சொல்லுங்கள்’ என்றுதான் நான் சொன்னேன். சொன்னவர்கள் நீங்கள். ஆயினும் உரிய ஆலோசனை நடத்தப்படும்” என்று கூறிவிட்டு உள்ளே போனார். கதவு அவர் குரலுக்குப் பணிவாக மூடிக்கொண்டது.

அங்கிருந்து அந்தக் கூட்டம் நேரே தெற்குத் தெருவுக்கு வந்தது. முன்னால் வந்தவன் பிரிட்டோ. தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

“நீயுமாலே சொன்ன?” என்றாள் சந்தனமாரி.

“சுவரு நம்ம கோரிக்கைதானக்கா. எல்லாரும் சொன்னாவ. வாயில வந்துட்டு.”

“எனக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு?”

“உன்னையப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். கண்ணுல தண்ணியே வந்துட்டு, தெரியுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் நிலையில்லை. தெருவில் முந்நூறு, நானூறு பேர் நின்றார்கள், வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பேச்சித்தாய் முன்னே வந்தாள். மீன் ஏலக்களத்தில் விலைகூறிப் பிழைக்கிறவள். அவளுடைய குரலைக் கேட்டுத்தான் ஏலப்பொறி விலையேற்றும். நாவடக்கம் வந்தால் அன்றோடு அடுப்பு அணைந்துவிடும்.

“தாயீ, ஒனக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம் அத்துபடி. ‘நாங்களாச் சொல்லல, அவரு சொன்னதத் திருப்பிச் சொன்னோம்’னு ஒரு மனு எழுதிக் குடு. நேத்துத் தோக்கடிச்சதுக்கு ஒன் காலப் புடிச்சிக்கிடுதோம். அடுத்த தடவ நீதான் தலைவரு.”

கூட்டம் ஆமோதித்து முனகியது. எழுதிக் கொடுத்தால் அவர்கள் தன்னைத் தலையில் வைத்து ஆடுவார்கள் என்று சந்தனமாரிக்குத் தெரியும். மனு நிற்காது என்பதும் தெரியும்.

“திருப்பிச் சொன்னா முடிவுல ‘என்று’ வரணும், பேச்சியக்கா. அவரு போட்டாரு. நீங்க போடல. அந்த ஒரு சொல்லு அவரக் காப்பாத்திட்டு.”

“அப்ப எங்களுக்கு?”

“சுவரக் கட்டுனா விட்டுரும். ஐப்பசிக்கு நாள் கெடக்கு. குவாரியில கல்லு இருக்கு. இத்தன பேரு இருக்கோம்…”

“அதெப்படி?” என்று பின்னாலிருந்து ஒருவர் சீறினார். “வரி குடுக்கதும் நாங்க, கல்லு சொமக்கதும் நாங்களா?”

“எங்க தெருவுக்குக் கடல் வரல. நாங்க எதுக்குக் கட்டணும்?”

“ஏமாத்துனவன் மாடியில இருக்கான். சொமக்கவன் தெருவுல நிக்கான்!”

சினம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. பேச்சித்தாயின் கழுத்து நரம்பு புடைத்தது. ஏலக்களத்தின் முழுக்குரலையும் அவள் எடுத்தாள்.

“கட்ட மாட்டோம்!”

“பேச்சியக்கா, வேண்டாம்!” சந்தனமாரி பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள். ஒரு வாயைப் பொத்தலாம். ஊர்வாயை எதைக் கொண்டு பொத்துவது?

“கட்ட மாட்டோம்! கட்ட மாட்டோம்!”

ஐம்பதுபேருக்கு மேல் கூடினால் அது பொதுக்கூட்டம், அங்கே சொன்னதும் பிணைக்கும் என்பது சட்டம். தெருமுனைக் கம்பத்திலும் ஒரு பிணைப்பொறி இருந்தது. அதன் மணி அடிக்கத் தொடங்கியது. எதிர்மறை, ஆயினும் தன்மைப் பன்மை, எதிர்காலம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசி மணி ஓய்ந்தபோது நானூறு வாய்களையும் நானூறு கைகள் பொத்தியிருந்தன. தெருக்கோடியில் அலை வந்து இடிந்த சுவர்களில் அறைந்தது.

சந்தனமாரி கம்பத்தடித் திட்டில் ஏறினாள். அந்தத் தெருவில் பேசத் துணிந்தவள் அவள் ஒருத்திதான்.

“இப்ப ரெண்டையும் சொல்லிட்டிய” என்றாள். “கட்டலன்னா முதல் சொல்லு போச்சு. கட்டுனா ரெண்டாவது சொல்லு போச்சு. எப்படியும் வாய் போயிட்டு. இனிமே இந்தச் சவத்தெழவு பொறிக்குப் பயந்து ஒண்ணுஞ் செய்ய வேண்டியதில்ல.”

யாரோ விம்மினார்கள்.

“கட்டுனா வீடு மிஞ்சும். கட்டலன்னா வீடும் போவும். மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். நாளைக்கு விடியக் குவாரியிலேருந்து கரைக்குக் கல்லு கொண்டாரணும். நான் போவேன்.”

மணி ஒருமுறை ஒலித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரெல்லாம் வாறிய?”

பிரிட்டோ வாயைத் திறந்தான். கம்பத்தை நிமிர்ந்து பார்த்தான். வாயை மூடிக்கொண்டு வலக்கையை உயர்த்தினான். பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அந்த ஈரக்கையை உயர்த்தினாள். பின்னால் சீறியவரின் கை பாதி எழுந்து நின்று, பிறகு முழுதாக எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னும் சில கைகள்; அவற்றுக்கும் பின்னால் இன்னும் சில.

பிணைப்பொறி அசையாமல் தொங்கியது. அதற்குக் கண் கிடையாது. உயர்த்திய கையை நம்ப முடியாது என்பதால்தானே அந்த மக்கள் அதை உண்டாக்கினார்கள்? அந்தக் கைகளுள் எத்தனை விடியலில் கரைக்கு வரும் என்று சொல்லவல்ல பொறி உலகில் எங்குமே இல்லை. சந்தனமாரி திட்டிலிருந்து இறங்கி, கடப்பாரை தேட வீட்டுக்குள் போனாள்.