கடைசி வாய்த் தண்ணீர்

படையல் வைத்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றிருந்த சந்திரமதிக்கு, உள்ளே யாரோ இருமுவது கேட்டது.

பொங்கோலில் பதினான்காவது மாடி வீடு. பட்டப்பகல். கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தமும், பக்கத்து வீட்டு ஹலீமா வெங்காயம் வதக்கும் வாசனையும், சாத்திய கதவின் இடுக்கு வழியே கசிந்த சாம்பிராணிப் புகையும் எப்போதும்போலத்தான் இருந்தன. அன்று மகள் ரக்ஷனாவின் மூன்றாவது வருடத் திதி. தேக்கா சந்தையில் வாங்கிய வாழையிலையில் கோழிக் குழம்பும், அவளுக்கு உயிரான மீ கோரெங் நூடுல்ஸும் பரிமாறியிருந்தாள். இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்துவதும், கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறப்பதும் அவர்கள் வழக்கம். போன இரண்டு வருடமும் உள்ளே ஒரு சத்தமும் வந்ததில்லை. வராதா என்று அவள் காதை வைத்துக் கேட்டதுண்டு.

மறுபடியும் இருமல். மகளுடையதல்ல. நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிற கிழட்டு இருமல். முந்தாநாள்தான் அதைக் கேட்டிருந்தாள்.

புக்கிட் பாத்தோக்கில், படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாதிமை இல்லத்தில் அவள் உதவியாளர். பக்கவாதம் வந்த வேலாயுதத்தை ஆறு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே கொண்டுவந்து போட்டார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சாலையைக் கடந்துகொண்டிருந்த ரக்ஷனாவை அடித்துக் கொன்றவன். சிறைக்குப் போனான், வந்தான், அவ்வளவுதான். மேலதிகாரியிடம் சொல்லி வேறு வார்டுக்கு மாறியிருக்கலாம். அவள் மாறவில்லை.

அவனுக்குத் தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் ஊட்ட வேண்டும். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முந்தாநாள் மாலை அவள் மாவு கலக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். மறக்கவில்லை. அவன் குவளையைப் பார்த்தான். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தான். பிறகு அவனாகவே வாயைத் திறந்தான்.

மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவும் இல்லை, நோகவும் இல்லை. ஊசி போட்டு மரத்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. செய்தது நியாயம்தானே என்று ரயிலில் வீடு வரும்வரை தன்னையே கேட்டாள். ஆமாம் என்றும் தோன்றவில்லை, இல்லை என்றும் தோன்றவில்லை. அவன் உடலை மூடும்போது உடன் வேலை செய்யும் அழகேசன் சொன்னது மட்டும் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சொந்தம்னு யாரும் எட்டிப் பாக்கலை அக்கா. கடைசி வாய்த் தண்ணி உங்க கையாலதான். இனிமே அவருக்கு நீங்கதான்லா சொந்தம்."

கதவுக்குப் பின்னால் இலை சரசரத்தது. யாரோ தரையில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இருமல். மூச்சுத் திணறல். சந்திரமதிக்குப் பயம்கூட வரவில்லை.

பிறகு இன்னொரு குரல்.

"மெதுவா அங்கிள். மெதுவா குடிங்க."

ரக்ஷனா.

மூன்று வருடம் ஏங்கிய குரல். கதவைத் தட்ட வேண்டும் என்பதே மறந்தது. திறந்தாள்.

இலைக்கு முன்னால் வேலாயுதம் உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நிற்கவே இல்லை. சட்டை நனைந்து, தரை நனைந்து, வாசல்வரை வந்தது. அவன் முதுகை நீவிக்கொண்டிருந்தாள் ரக்ஷனா. கடைசியாக வீட்டைவிட்டுப் போன அதே நீல உடை.

"அம்மாதாம்மா," என்றாள் சந்திரமதி.

மகள் நிமிர்ந்தாள். முதலில் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை. வேலாயுதத்தின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

சந்திரமதி ஓரடி எடுத்து வைத்தாள்.

அவன் கையை விரித்துப் பிள்ளையை மறைத்துக்கொண்டான்.