கல்கோட்டையில் கூப்பிட்ட குரல்

1983ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கடலோர ஊரான தெலுக் பஹாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கிய நவமணியும் சலேஹாவும் கடலோர மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்கள். இருவரும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்.

மேலே ஒரு பழைய கல்கோட்டை. அதன் மதிலருகே நின்றால், நவமணியின் கணவன் ராமதாஸின் மீன்பிடிப் படகு கவிழ்ந்த கடல் தெரியும். மாதங்கள் கடந்தும் அவன் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேயே காரியம் முடித்து, அவள் தாலியையும் கழற்றிவிட்டார்கள். மாமியார் சின்னம்மா மட்டும் மகன் போய்விட்டான் என்பதை நம்ப மறுத்தாள்.

"ஒரு தடவை அந்த இடத்தைப் பாத்துட்டு வந்துர்றேன்க்கா. அப்புறம் அழ மாட்டேன்."

"சரிலா. மழைக்கு முன்னால இறங்கிடணும்," என்றாள் சலேஹா.

கோட்டை வாசலைத் தாண்டியதும் அலையின் இரைச்சல் சட்டென்று அறுந்துபோனது. பாசி படர்ந்த சுவர்கள் வியர்த்திருந்தன. மதிலுக்குப் போகும் வழியில் கூரை சரிந்த ஓர் அறை, பகலிலும் கும்மிருட்டாக இருந்தது. அதற்குள்ளிருந்து டீசலும் ஈர வலையும் கலந்த வாடை வந்தது.

ராமதாஸ் கடலிலிருந்து திரும்பும்போது அவன் சட்டையில் அடிக்கும் வாடை.

"நவம்..."

அவளை அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

சலேஹா அவள் கையை இறுகப் பற்றினாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"பதில் சொல்லாதே," என்று கிசுகிசுத்தாள். "சொன்னா கூடவே வந்துரும்."

"நவம், வழி தெரியலே. எந்தப் பக்கம் போனாலும் தண்ணியா இருக்கு."

நவமணி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குளுருது நவம். அம்மா தேடுவாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

செத்துப்போனது அவனுக்கே தெரியவில்லை.

அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் தொண்டை வரை வந்தது 'வாங்க' என்ற ஒரே சொல். அதை வெளியே விடாமல் உள்ளங்கையைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சலேஹா இழுத்த இழுப்புக்கு நடந்தாள்.

பின்னால் அவன் அழத் தொடங்கினான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சலேஹா தன் கைக்குட்டையால் அவள் உள்ளங்கையைக் கட்டிவிட்டாள்.

"நீ செஞ்சதுதான் சரி," என்றாள்.

"பாவம்க்கா. அங்கே தனியா இருக்காரு."

பொழுது சாயும் நேரத்தில் வீட்டை அடைந்தாள். கதவைத் திறந்தவள் சின்னம்மா. எங்கே போகிறேன் என்று நவமணி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சின்னம்மாவின் பார்வை மருமகளின் தோளைத் தாண்டிப் போய் நின்றது. அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்மா, அவன் ஏன் வாசல்லயே நிக்கிறான்? உள்ள வரச் சொல்லு."

நவமணி திரும்பவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது.