துறையடிப் பூந்தோட்டம்

பாலம் வராத காலம் அது. மட்டக்களப்பு வாவிக்கரையில், துறைக்குப் பக்கத்தில் சீதேவியின் வீடு தனியாக நின்றது. அடுத்த வீட்டுக்குப் போக வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும்.

அவளுடைய அப்பா கோணாமலை பாதைக்காரர். இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தால், அதுதான் பாதை. ஆட்கள், சைக்கிள்கள், சில வேளை மாட்டுவண்டி என எல்லாவற்றையும் அதில் ஏற்றி, நீளக் கம்பால் ஊன்றி, அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குக் கொண்டுபோவார்.

அம்மா இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சீதேவிக்குப் பேச ஆளில்லை. பாதைக்குக் காத்து நிற்பவர்களும் அக்கரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

ஏழு வயதில் ஒருநாள், நட்டுப் பூ வளர்க்கச் செவ்வரத்தைத் தடிகள் கொண்டுபோன ஒரு பெண்ணிடம் அவள் கேட்டாள். "அதில ஒண்டு தாங்களன்."

"தாறன் புள்ள. ஆனா இது உப்பு மண்ணெல்லோ?"

அவர் சொன்னது சரிதான். செவ்வரத்தை கருகிப்போனது. அடுத்து நட்டதும் கருகிப்போனது.

"இந்த மண்ணில ஒண்டும் வராது மகள்" என்றார் அப்பா.

"அப்ப மண்ணை மாத்துவம்" என்றாள் சீதேவி.

பள்ளிக்கூடத்தால் வரும்போதெல்லாம் வயல் ஓரத்துக் கறுப்பு மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளி வந்தாள். குழி தோண்டி அதை நிரப்பினாள். ஆட்டுப் புழுக்கை போட்டாள். கரையிலிருந்து தள்ளி அப்பா மணலில் ஒரு பூவல் தோண்டிக் கொடுத்தார். அந்தச் சிறு கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது.

பிறகு பாதைக்கு வரும் எல்லோரிடமும் கேட்டாள். "உங்கட வீட்டில பூமரம் நிக்குதா? அடுத்தமுறை வரக்குள்ள ஒரு தடி கொண்டுவாங்க."

அவர்கள் மறந்தாலும் சீதேவி மறக்கமாட்டாள். மீன் வியாபாரி ஒருவர் அவளைக் கண்டதும் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "இண்டைக்கும் மறந்திட்டன் புள்ள!" என்று அங்கிருந்தே கத்தினார். அடுத்த கிழமை கனகாம்பரக் கன்று ஒன்றோடு வந்து நிமிர்ந்து நின்றார்.

வருடங்கள் போயின. பட்டிப்பூ பரந்தது. நந்தியாவட்டை வேலியைத் தாண்டி வளர்ந்தது. மல்லிகை பந்தலில் ஏறியது. சீதேவிக்குப் பதினொரு வயதானபோது, நாலைந்து தடவை பட்டுப்போன றோசாவும் கடைசியில் ஒரு மொட்டு விட்டது.

"நல்ல வடிவு!" என்பார்கள் பாதைக்கு வந்தவர்கள். "பாதை போகுது!" என்று அப்பா கூப்பிட்டதும் ஓடிவிடுவார்கள். தோட்டம் நிறையப் பூ இருக்கும். சீதேவி மட்டும் தனியே இருப்பாள்.

ஒருநாள் பின்னேரம், அக்கரையில் கடை வைத்திருக்கும் மீராசாஹிப் தன் தங்கையின் மகளோடு வந்தார். அவள் பெயர் பரீனா. சீதேவியின் வயதுதான். பாதை அப்போது அக்கரையில் நின்றது. பரீனா நேரே தோட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவும் நீயா நட்ட?"

"ஓம்."

"இது என்ன பூ?"

"பட்டிப்பூ."

"ஆட்டுப்பட்டியிலயா பூக்கும்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் சீதேவி இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாதை வந்தது. மாமா கூப்பிட்டார். பரீனா பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டன். எனக்கு உம்மாக்கிட்டப் போகணும்."

அவளுடைய உம்மா பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சுகமாகி வரும்வரை பரீனா மாமா வீட்டில் இருக்க வேண்டும். மாமா கெஞ்சினார். பரீனா அசையவில்லை.

"காத்து எழும்புது. இதுதான் கடைசிப் பாதை" என்றார் கோணாமலை. "கொஞ்சம் பார்ப்பன். இல்லாட்டி நீங்க நாளைக்குத்தான் போகலாம். எங்கட வீட்டில தங்குங்க."

சீதேவியின் மனம் துள்ளியது. பேசாமல் இருந்தால் போதும். பரீனா இன்றைக்கு இங்கேதான்! அவள் பேசாமல் இருந்தாள்.

ஆனால் பரீனா பூக்களைப் பார்க்கவில்லை. பட்டணத்துக்குப் போகும் வழியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அம்மாவை நினைத்து அழுவது எப்படி இருக்கும் என்று சீதேவிக்குத் தெரியும். நாளைக்கும் இவள் இப்படித்தான் அழுவாள்.

சீதேவி மண்ணோடு சேர்த்து றோசாவைக் கிளப்பினாள். வாழைச்சருகில் சுற்றினாள்.

"இதை மாமா வீட்டில நடுவியா? உம்மா வரக்குள்ள காட்டலாம்."

பரீனா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு நடத் தெரியாது."

"எனக்கும் முதல்ல தெரியாது. நான் எத்தினையைச் சாகடிச்சன் தெரியுமா?"

"செத்துப்போனா ஏசுவியா?"

"ஏசமாட்டன். இன்னொண்டு தருவன். காத்தில ஆடாம ரெண்டு கையாலயும் பிடி."

இரண்டு கையாலும் பிடிக்க, பரீனா பந்தல் காலை விடவேண்டியிருந்தது. றோசாவைப் பார்த்தபடியே நடந்து, பாதையில் ஏறினாள்.

பாதை சிறிதாகி மறைந்தது. றோசா நின்ற குழியை சீதேவி மண் போட்டு மூடினாள். அன்றுபோல அந்தத் துறை ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.

திரும்பி வந்த அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். வாளியை எடுத்து அவளோடு சேர்ந்து பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மாரிமழை முடிந்தது. ஒருநாள் காலை அக்கரையிலிருந்து வந்த பாதையில் மீராசாஹிப்பும் பரீனாவும் இறங்கினார்கள்.

"உம்மா வீட்டுக்கு வந்திட்டா!" என்று கத்திக்கொண்டே பரீனா ஓடிவந்தாள். "றோசாவுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தச் சொல்லி மாமிக்கிட்டச் சொல்லியிருக்கன்."

"வா மகள், ரோட்டுக்குப் போவம். பஸ் வந்திரும்" என்றார் மாமா.

"அடுத்த பஸ்ஸுக்குப் போவம் மாமா" என்று பரீனா தோட்டத்துக்குள் உட்கார்ந்தாள்.

சீதேவி கதைக்கத் தொடங்கினாள். அடுத்த பஸ் வந்தது. அதுவும் போனது.