ஒன்பது கிலோமீட்டர் பாக்கி

அந்த வண்டி தரகரின் கொட்டகையில் வயிறு தரையைத் தொட உட்கார்ந்திருந்தது. கப்பல் நீளம், கறுப்பு நிறம். பெரிய மனிதர்கள் பின்சீட்டில் பேப்பர் விரித்துப் படித்துக்கொண்டு போவதற்கென்றே செய்த ரகம். இப்போது பழைய டயர்களுக்கும் உடைந்த பம்பர்களுக்கும் நடுவே, இனி எழுந்திருக்கும் உத்தேசமில்லாத யானை மாதிரி கிடந்தது.

“காத்து சஸ்பென்ஷன் சார். ரொம்ப நாளா நின்னதுல காத்து இறங்கிடுச்சு. மத்தபடி ராஜா” என்றார் தரகர்.

வாங்க வந்தவருக்கு நெட்டை என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடுகிறவர்கள் மரியாதைக்காக நெட்டையர் என்பார்கள். பாதி ஆயுளை அடுத்தவர்களுடைய சின்ன டாக்ஸிகளில் காலை மடக்கிக்கொண்டே ஓட்டிக் கழித்தவர். சொந்தமாக ஒரு வண்டி, அதுவும் கால் நீட்டி உட்காருகிற வண்டி வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று வைராக்கியமாக இருந்தார்.

கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி. மெக்கானிக். அவன் கண்ணாடியில் கையை வைத்து மீட்டரை எட்டிப் பார்த்தான்.

“மாமா, மூணு லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு. இது மீட்டரா, யாரோட போன் நம்பரா?”

“இன்னும் நாலு லட்சம் ஆகலையே சார்” என்றார் தரகர், சிரிக்காமல்.

“புதுசுல இது ஒரு வீட்டு விலை மாமா. இப்ப மாட்டுக்கொட்டாய் விலைக்குத் தர்றான். ஆனா உள்ள ஒரு சாமான் போச்சுன்னா, அதை மட்டும் வீட்டு விலைக்குத்தான் வாங்கணும். யோசிங்க.”

நெட்டையர் யோசிக்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. இதற்கு முன் ஓட்டியவர் குள்ளமாக இருந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினார். சீட் முனகிக்கொண்டே பின்னால் போயிற்று. உள்ளே தலைவலித் தைலத்தின் வாடை அடித்தது. தோலில் ஊறி, துடைத்தாலும் போகாத வாடை.

பின்சீட்டிலிருந்து பார்த்த மெக்கானிக் டிரைவர் சீட்டின் முதுகைத் தடவினான். தோளுயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தோல் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளம்.

“என்னய்யா இது, காக்கா கொத்தின மாதிரி?”

“கவர் போட்டா தெரியாது சார்” என்றார் தரகர்.

வண்டியை லாரியில் ஏற்றித்தான் மெக்கானிக்கின் பட்டறைக்குக் கொண்டுவர முடிந்தது.

*

கம்பெனி விருந்தாளிகளை ஏற்றிப் போகிற டிராவல்ஸ் ஒன்று நெட்டையருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை. மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

அதனால் அவர், மீட்டர் எண்ணைக் குறைத்துத் தருகிற மீட்டர்காரரை வரவழைத்தார். இந்தத் தொழிலில் அது பல் துலக்குகிற மாதிரி சாதாரணம். யாரும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

“வேணாம் மாமா” என்றான் மெக்கானிக். “ஆயில் மாத்துறேன், பெல்ட் மாத்துறேன், காத்துப் பை மாத்துறேன். மீட்டர்ல மட்டும் கை வைக்காதீங்க. ஓடினது ஓடினதுதான்.”

“உங்கக்கா பத்து வருஷமா ஒரே வயசைச் சொல்லிட்டிருக்கா. அவளுக்கு ஏதாவது ஆச்சா?”

மீட்டர்காரர் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, மடியில் வைத்திருந்த பெட்டியைத் தட்டினார். எண் சரிந்தது. நாலு லட்சத்தை ஒட்டி நின்றது தொண்ணூறாயிரத்துக்கு இறங்கியது.

அந்த நேரத்தில் வண்டி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

“காத்து சஸ்பென்ஷன்” என்றார் மீட்டர்காரர்.

காற்றுப் பைகள் நாலும் கழற்றி மேஜைமேல் கிடந்தன.

*

முதலில் சீட்டுதான். தினமும் காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். சீட் குள்ளமான ஒருவருக்காக முன்னால் வந்து நிற்கும். நெட்டையர் தள்ளிவைப்பார். மறுநாள் திரும்ப வந்து நிற்கும்.

“பழைய ஆளோட அளவை ஞாபகம் வச்சிருக்கு மாமா. பெரிய வண்டில அப்படி ஒரு வசதி உண்டு” என்றான் மெக்கானிக்.

பிறகு மீட்டர். ராத்திரி நிறுத்தும்போது ஒரு எண். காலையில் வேறு எண். பத்து இருபது இல்லை. பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்புகிற தூரம்.

“ஏன் மாப்ள, ராத்திரி வந்து வண்டிய எடுத்துட்டுப் போறியா?”

“எடுத்துட்டுப் போனா டீசல் குறையணுமே. குறைஞ்சிருக்கா?”

டீசல் குறையவில்லை. குறைந்தது நெட்டையர். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போனது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு ஏறியது. வண்டியின் சர்வீஸ் விளக்கு வேறு வாரத்துக்கு ஒரு முறை எரிந்தது. ஆயிலை இறக்கினால், வருஷக் கணக்கில் ஓடியது போலக் கறுத்துக் கிடந்தது.

ஒரு நாள் பேட்டரியையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சுட்டது.

தைலத்தின் வாடை ஷெட் முழுக்க நின்றது.

திரும்பி வந்தபோது மனைவி அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

“என்னங்க, நேத்து நான் தூங்கல. உங்களையே பாத்துட்டிருந்தேன்.”

“நான் எந்திரிச்சு எங்கயாவது போனேனா?”

“எங்கயும் போகல. கட்டில்லதான் இருந்தீங்க. உங்க வலது கால் மட்டும்...”

“காலுக்கு என்ன?”

“அழுத்துது, எடுக்குது. அழுத்துது, எடுக்குது. விடியற வரைக்கும்.”

அன்று மத்தியானம், பட்டப்பகல் வெயிலில், ஒரு விருந்தாளியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது நெட்டையரின் கண் சொருகியது. விழித்தபோது ஒரு லாரியின் பின்பக்கம் முகத்துக்கு முன்னால் இருந்தது. பிரேக்கை அவர் மிதிக்கவில்லை. அவர் காலுக்கு மேலே ஒரு கால் இருந்து மிதித்தது. குட்டையான, கனமான கால். விருந்தாளி பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

இன்னொரு முறை அந்தக் கால் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

*

தரகர் ரொம்ப நேரம் தெரியாது, தெரியாது என்றார். நெட்டையர் காய்ப்பேறிய உள்ளங்கைகளைக் காட்டியதும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பழைய டிரைவரின் மனைவி இருக்கும் இடத்தைச் சொன்னார்.

அந்த அம்மாள் ஒரு குறுகலான சந்தில், வாசலுக்கு நேராக மேஜை போட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெட்டையரும் மெக்கானிக்கும் நிலையில் தலை குனிந்து உள்ளே போனார்கள்.

“அந்தக் கறுப்பு வண்டியா?” என்றார். இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. “இன்னும் ஓடுதா?”

“ஓடுதும்மா. அதான் பிரச்சினை” என்றான் மெக்கானிக்.

“எங்க வீட்டுக்காரரோட முதலாளி பேசவே மாட்டாரு. பின்சீட்டுல உக்காந்துக்கிட்டு மோதிரத்தால சீட்டைத் தட்டுவாரு. ஒரு தட்டு தட்டினா நிறுத்தணும். ரெண்டு தட்டினா கிளம்பணும். ராத்திரி பகல் கிடையாது. தூக்கம் வராம இருக்க இவரு தைலத்தைக் கண்ணுக்குக் கீழ தடவிக்குவாரு. வேலையை விட்டுடறேன்னு இவரு அழுதப்ப முதலாளி சொன்னாராம், மீட்டர் நாலு லட்சம் தொட்ட அன்னிக்கு நீ வீட்டுக்குப் போயிடலாம், சம்பளம் வீடு தேடி வரும்னு. அதுல இருந்து இவருக்கு அந்த மீட்டர்தான் சாமி. போன் பண்ணா, சாப்டியான்னு கேக்க மாட்டாரு. இன்னும் இவ்வளவு இருக்குன்னுதான் சொல்வாரு.”

“அப்புறம்?”

“முதலாளிய வீட்டுல இறக்கிட்டு, திரும்ப சீட்டுல உக்காந்தவரு எந்திரிக்கல. ஒம்பது கிலோமீட்டர் பாக்கி. அங்கேர்ந்து இந்த வாசலுக்கும் ஒம்பதுதான்.” ஒரு சட்டையை மடித்து வைத்தார். “அந்த முதலாளியும் தாங்கல. புது டிரைவர் வரப்போறான்னு முன்னாடியே போய்ப் பின்சீட்டுல உக்காந்திருந்தாராம். டிரைவர் வரல. சாயங்காலம் கதவைத் திறந்து பாத்தப்ப அவரும் உயிரோட இல்ல. அதை விடுங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?”

நெட்டையர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக்தான் சொன்னான்.

“மாமா மீட்டரைப் பின்னால திருப்பிட்டாரும்மா.”

இஸ்திரிப் பெட்டி நின்றது.

“எவ்வளவு?”

சொன்னான்.

அந்த அம்மாள் திட்டவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“செத்தவரைப் போய் மறுபடியும் வேலைக்கு அனுப்பிட்டீங்களே” என்றார்.

துணி கருகும் வாடை வந்த பிறகுதான் மூன்று பேருக்கும் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது.

*

“குறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க” என்றார் மீட்டர்காரர். “ஏத்தச் சொல்லி வர்ற மொத ஆள் நீங்கதான். டிராவல்ஸ்ல உங்களைத் தூக்கிடுவாங்களே?”

“தூக்கட்டும்” என்றார் நெட்டையர். “பழைய எண்ணையே வைங்க. ஒம்பது குறைச்சலா.”

மெக்கானிக் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம், அந்த முதலாளியின் வீடு இருந்த தெருவுக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கச் செய்தார். லாரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நெட்டையர் ஏறி உட்கார்ந்தார். முட்டி இடித்தது. இந்த முறை சீட்டைத் தள்ளவில்லை. காலை மடக்கிக்கொண்டார். பழகின வேலைதான்.

ஸ்டியரிங் அவர் கைக்குள் தானாகத் திரும்பியது. எந்தச் சந்தில் மாடு படுத்திருக்கும், எங்கே பள்ளம் என்றெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. தைலம் கண்ணைக் கரித்தது. பக்கத்தில் யாரோ அவசரமாக மூச்சு விட்டார்கள். வீடு நெருங்க நெருங்க அந்த மூச்சு சின்னப் பிள்ளையின் மூச்சு போல ஆகிக்கொண்டே வந்தது.

சந்துக்குள் நுழையும்போது கடைசி ஒன்பதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழியமாயின.

நாலு லட்சம்.

எஞ்சின் அணைந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு மெல்லத் திறந்தது. நெட்டையர் உட்கார்ந்திருக்கும்போதே சீட்டின் பஞ்சு, ஒரு கனம் எழுந்துவிட்டது போல உப்பி வந்தது.

வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். பிறகு மேஜையைச் சற்று இழுத்து, ஒரு ஆள் உள்ளே போகிற அளவுக்கு வழி விட்டார்.

“கை கால் கழுவிட்டு வாங்க” என்றார், வெறும் காற்றைப் பார்த்து.

உள்ளே எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நெட்டையர் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு பிரதான சாலைக்கு வந்தார். வாடை இல்லை. இடுப்பு வலி இல்லை. மாதக் கணக்கில் இறங்காமல் இருந்த ஒன்று தோளிலிருந்து இறங்கியிருந்தது. ஓரமாக நிறுத்தினார். பொத்தானை அழுத்தி, சீட்டை ஆசை தீரப் பின்னால் தள்ளி, வாழ்நாளில் முதல் முறையாகத் தன் சொந்த வண்டியில் காலை முழுசாக நீட்டினார்.

வீட்டுக்குப் போன் பண்ணினார்.

“முடிஞ்சுதும்மா. இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன். அரை மணி நேரத்துல வந்துடறேன்.”

“மெதுவா வாங்க. தோசை ஊத்தட்டா?”

“ஊத்து.”

போனை வைத்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வண்டிக்குள் சத்தமே இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் கதவைச் சாத்தினால் உலகமே வெளியே நின்றுவிடும்.

பின்சீட்டின் தோல் கிறீச்சிட்டது. ஒருவர் சாய்ந்து, வசதி பண்ணிக்கொள்வது போல.

நெட்டையர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல், அவருடைய தோளுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்த அதே இடத்தில் தட்டுச் சத்தம் கேட்டது. நிதானமாக, உலோகம் தோலில் படுகிற சத்தம்.

ஒன்று.

இரண்டு.

அவருடைய வலது கால் அழுத்தியது.